கார் தரையில் துரு ஓட்டை, மழை பெய்தால் கார்பெட் ஊறுகிறது: வெல்டிங்கா, ஃபைபரா?

திருவான்மியூர்_வாசி:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2008 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். எந்தக் கம்பெனி என்று சொன்னால் விஷயத்தை விட்டுவிட்டு அந்தக் கம்பெனித் தகரத்தைப் பற்றிச் சண்டை ஆரம்பித்துவிடும், அதனால் வேண்டாம். இன்ஜின், கியர்பாக்ஸ், ஏசி எல்லாம் நன்றாக இருக்கிறது. 2023-ல் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தாயிற்று, 2028 வரையாவது ஓட்டலாம் என்றுதான் இருந்தேன்.

கொஞ்ச நாளாகவே காலையில் கதவைத் திறந்தால் ஊறிய சாக்கு மாதிரி ஒரு வாடை, கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி பிடிக்கிறது. போன வாரம் சாயங்கால மழைக்கு அப்புறம் இடது பக்க முன் சீட்டுக்குக் கீழே மேட்டைத் தூக்கிப் பார்த்தேன், கார்பெட்டை அழுத்தினால் தண்ணீர் வருகிறது. கார்பெட்டையும் அதற்குக் கீழே இருந்த ஃபெல்ட்டையும் தூக்கினால் தார் ஷீட் ஓரமெல்லாம் துரு. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாகக் குத்தினேன், நேராக உள்ளே போய்விட்டது. இப்போது உள்ளங்கை அளவுக்கு ஓட்டை, அதன் வழியாகத் தெரு தெரிகிறது. டிரைவர் பக்கம் ஓட்டை இல்லை, ஆனால் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது.

வீடு கடற்கரைக்குக் கூப்பிடு தூரம். ஷெட் கிடையாது, வேப்பமரத்தடியில் தெருவில்தான் நிறுத்துகிறோம்.

இரண்டு பட்டறையில் கேட்டேன். ஒருவர் ஃபைபர் (கண்ணாடி இழை மேட்டை ரெசின் பசையில் ஊற வைத்து ஒட்டுவது) போட்டு மேலே கறுப்புக் கோட்டிங் அடித்து அன்றைக்கே தருகிறேன் என்கிறார். இன்னொருவர் வெட்டி எடுத்து ஷீட் வைத்து வெல்டிங் பண்ண வேண்டும், நாலு நாள் வண்டியை விட்டுவிடுங்கள் என்கிறார், காசும் பல மடங்கு. ஆபீஸ் நண்பர் ஒருவர் எம்-சீல் வைத்து அமுக்கு, போதும் என்கிறார். ஓட்டையை அடைத்தால் தண்ணீர் வருவது நின்றுவிடும்தானே? எது நிற்கும், எது நிற்காது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பட்டறை_அண்ணன்:

தம்பி, ஓட்டையை விடுங்கள், முதலில் தண்ணீரைப் பிடியுங்கள். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வந்தது என்று நினைக்கிறீர்கள். நீங்கள் குத்துகிற வரைக்கும் அங்கே ஓட்டையே இல்லையே? மேலே எங்கேயோ இருந்து இறங்கின தண்ணீரை ஃபெல்ட் குடித்து வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் தகரத்தை விடாமல் நனைத்திருக்கிறது, அதில்தான் தகரம் கரைந்திருக்கிறது. இப்போது புது ஷீட் வைத்து அம்சமாக வெல்டிங் பண்ணினாலும் அந்தத் தண்ணீர் நிற்காது. ஓட்டை இருந்தாலாவது வடிந்து போகும், அடைத்துவிட்டால் உள்ளேயே தேங்கும்.

எப்போது நனைகிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். வெயில் நாளில், ஏசி ஓட்டிய பிறகு இடது பக்கம் மட்டும் ஈரம் என்றால் ஏசி டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது. ஏசி ஓடும்போது வண்டிக்குக் கீழே தண்ணீர் சொட்ட வேண்டும், சென்னைப் புழுக்கத்துக்கு நன்றாகவே சொட்டும், சொட்டவில்லை என்றால் அது உள்ளேதான் இறங்குகிறது. நிறுத்தி வைத்த வண்டி மழையில் நனைந்தாலே உள்ளே ஈரம் என்றால் கண்ணாடி, கதவு, இல்லாவிட்டால் வைப்பர் தட்டு. தேங்கின தண்ணீரில் ஓட்டிய பிறகு மட்டும் ஈரம் என்றால்தான் தரையைச் சந்தேகப்பட வேண்டும். தண்ணீர் பிசுபிசுப்பாக, பச்சையாகவோ ரோஸ் நிறமாகவோ இருந்து இனிப்பு வாடை அடித்தால் அது மழைத் தண்ணீரே இல்லை, ஹீட்டரில் இருந்து கூலன்ட் ஒழுகுகிறது.

வேப்பமரத்தடி என்று சொன்னதுமே எனக்குச் சந்தேகம் வைப்பர் தட்டில்தான். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் கிரில் இருக்கிறது பாருங்கள், அதற்கு அடியில் ஒரு தொட்டி. கண்ணாடியில் விழுகிற மழை அத்தனையும் அதில் இறங்கி இரண்டு ஓரத்திலும் இருக்கிற வடிகால் வழியாகச் சக்கரத்துப் பக்கம் போக வேண்டும். புங்க இலை, பாதாம் இலை என்றால் கிரில் மேலேயே நின்றுவிடும். வேப்பிலை சின்னது, உள்ளே போய்விடும். மாசி, பங்குனியில் மரம் இலை கொட்டுகிற காலத்தில் நிறுத்தின வண்டிகளில் கிரில்லைக் கழற்றினால் உள்ளே கைப்பிடி கைப்பிடியாக எருதான் வரும். வடிகால் அடைத்ததும் தொட்டி நிரம்பி, ஏசிக்கு வெளிக்காற்று எடுக்கிற துவாரம் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். அதுவும் இடது பக்கம்தான் வரும்.

செய்ய வேண்டியது இதுதான். சீட்டு, கார்பெட் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுத் தரையைத் துணியால் துடைத்துக் காய விடுங்கள். காய்ந்த தகரத்தில் முகப் பவுடரைத் தூவிவிட்டு வீட்டில் யாரையாவது டார்ச்சோடு உள்ளே உட்கார வையுங்கள். வெளியே இருந்து குழாயில் மெதுவாக, கீழே இருந்து மேலே ஊற்றிக்கொண்டு வாருங்கள். முதலில் ரன்னிங் போர்டு, அதாவது கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டி மாதிரித் தகரம், அப்புறம் கதவின் கீழ்ப்பகுதி, அப்புறம் கண்ணாடியைச் சுற்றியிருக்கிற ரப்பர் பீடிங், கடைசியில் வைப்பர் தட்டு. ஒரே அடியாக மேலே ஊற்றினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எது எங்கே இருந்து வந்தது என்று தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிஷமாவது ஊற்ற வேண்டும். ஃபோர்ஸ் வாஷ் வேண்டாம், அது நல்ல பீடிங்கையும் தாண்டிப் போகும். பவுடரில் கோடு விழுந்ததும் அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் வாசல் தெரிந்துவிடும்.

வேளச்சேரி_மேட்டுத்தெரு:

அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம். 2015-லோ, 2023 மிக்ஜாம் புயலிலோ வண்டி தண்ணீரில் நின்றதா? நின்றிருந்தால் தரையில் இருக்கிற ரப்பர் மூடிகளைப் பாருங்கள். வெள்ளம் வடிந்ததும் உள்ளே தேங்கின தண்ணீரை வெளியேற்ற மெக்கானிக்குகள் அதைத்தான் பிடுங்குவார்கள். எங்கள் தெருவில் அப்படிப் பிடுங்கின வண்டிகள் பலவற்றில் திரும்ப மாட்டவே இல்லை, மேலே கார்பெட் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும். அப்புறம் தரமணி ரோட்டில் முழங்கால் தண்ணீரில் ஒரு தடவை போனால் போதும், அவ்வளவும் உள்ளே.

இரண்டாவது, கதவு. ஸ்பீக்கர் மாற்றினீர்களா, பவர் விண்டோ வேலை ஏதாவது பார்த்தீர்களா? கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது சகஜம், அது கதவின் அடியில் இருக்கிற துவாரம் வழியாக வெளியே போய்விடும். உள் டிரிம்முக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஷீட்தான் அதைக் கேபினுக்குள் வராமல் தடுக்கிறது. ஆக்சசரீஸ் கடைப் பையன்கள் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவார்கள். அதை ஃபெவிக்கால் போட்டு ஒட்டினால் நிற்காது, பியூட்டைல் டேப் என்று கேளுங்கள், பிசின் மாதிரி ஒட்டுகிற ரப்பர் டேப்.

காசிமேடு_ஃபைபர்:

வெல்டிங் வெல்டிங் என்று பயமுறுத்தாதீர்கள். எங்கள் பக்கம் படகே ஃபைபரில்தான் இருக்கிறது, உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. படகுக்கு ரெசின் போடுகிற ஆளை வைத்துத்தான் என் வேனுக்குத் தரையில் இரண்டு அடுக்கு ஃபைபர் மேட் அடித்தேன். துருவே பிடிக்காத பொருள், தீ கிடையாது, ஒயர் எரியாது, அரை நாள் வேலை. உள்ளங்கை அளவு ஓட்டைக்கு நாலு நாள் வண்டியைப் பட்டறையில் விடச் சொல்வதெல்லாம் அநியாயம்.

பட்டறை_அண்ணன்:

ஃபைபர் துருப்பிடிக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஃபைபரைப் பிடித்துக்கொண்டிருக்கிற தகரம் துருப்பிடிக்குமே அண்ணே. படகு முழுக்க ஃபைபர், ஒரே பொருள். காரில் நீங்கள் ரெசினைத் துருவின் மேல் ஒட்டுகிறீர்கள். வண்டி ஓடும்போது தரை அதிரும், வெயிலில் தகரம் ஒரு அளவுக்கு விரியும், ரெசின் வேறு அளவுக்கு விரியும், ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். அதில் ஏறின ஈரம் வெளியே வர வழி இல்லாமல் அடியிலேயே வேலை பார்க்கும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும், இரண்டு மழைக்காலம் கழித்து மொத்தமாகத் தட்டு மாதிரி கையோடு வரும். எம்-சீலும் அதே கதைதான், பைப்புக்கு நல்லது. அலுமினியத் தகடு வைத்து பாப் ரிவெட் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அது இன்னும் மோசம்: இரண்டு வேறு உலோகம் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அதில் ஒன்று வேகமாக அரிக்கும், இரும்பு, அலுமினியம் ஜோடியில் அப்படிப் போவது அலுமினியம்.

இதில் எனக்கு வளைந்து கொடுக்கவே முடியாத இடம் ஒன்று இருக்கிறது. சீட் போல்ட் இறங்குகிற இடம், சீட் பெல்ட் மாட்டுகிற இடம், ரன்னிங் போர்டு, தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடுகிற சேசிஸ் பீஸ், ஜாக்கி வைக்கிற இடம், இவற்றில் துரு என்றால் ஃபைபர் பேச்சே கூடாது. மோதினால் ஆளைப் பிடித்து வைப்பது அந்தத் தகரம்தான். நடுத் தரையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை, சுற்றிலும் கெட்டித் தகரம், வண்டியை அடுத்த வருஷம் கொடுத்துவிடப் போகிறோம் என்றால் ஃபைபர் போட்டுக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. தம்பி 2028 வரை ஓட்ட வேண்டும் என்கிறார்.

உள்ளங்கை ஓட்டை என்பதும் கணக்கில்லை. தார் ஷீட்டை ஹீட் கன்னால் இளக்கிச் சுரண்டி எடுத்துவிட்டு, கிரைண்டரில் ஒயர் கப் பிரஷ் போட்டு ஓட்டினால்தான் உண்மையான அளவு தெரியும். சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகும், தயாராக இருங்கள். பளிச்சென்று வெள்ளைத் தகரம் வருகிற வரைக்கும் வெட்ட வேண்டும், மெலிந்த தகரத்தில் வெல்டிங் பிடிக்காது, இன்னும் ஓட்டைதான் பெரிதாகும். உள்ளே வைக்கிற ஷீட் சி.ஆர். ஷீட் (பூச்சு இல்லாத வெறும் இரும்புத் தகடு), 20 கேஜ், கிட்டத்தட்ட 0.9 மி.மீ. "ஜி.ஐ. ஷீட் வைக்கிறேன், துருவே பிடிக்காது" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசின தகடு. வெல்டிங் பண்ணுகிற இடத்தில்தான் அந்தத் துத்தநாகம் தேவை, அங்கேதான் அது எரிந்து போகும். அந்தப் புகையைப் பிடித்த ஆளுக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

தரைத் தகரத்தில் மேடு பள்ளமாக அழுத்தியிருக்கிற வரிகளைக் கவனியுங்கள். அழகுக்குப் போட்டதில்லை, அதுதான் தகரத்துக்கு விறைப்பு. வெறும் தட்டை ஷீட்டை வைத்தால் ஓட்டும்போது தொம் தொம் என்று அடிக்கும். கை வேலை தெரிந்த டிங்கர் (வண்டித் தகர வேலைக்காரர்) அதே வரியைத் தட்டிக் கொண்டுவருவார். இல்லையென்றால் புதுப்பேட்டையில் அதே மாடல் உடைத்த வண்டியில் தரையை வெட்டித் தருவார்கள், துரு இல்லாத துண்டாகப் பார்த்து, பின்பக்கமும் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். அந்தத் துண்டில் ஊர் நம்பர் பிளேட் ஒட்டியிருக்காது, ஆனால் கடற்கரை ஊரில் ஓடின வண்டியா, கடலுக்குத் தள்ளி ஓடின வண்டியா என்று அடிப்பக்கத்தைப் பார்த்தாலே தெரியும்.

சி.ஓ.டூ வெல்டிங் (கார்பன் டை ஆக்சைடு வாயு பாய்ச்சி மெல்லிய கம்பியால் ஒட்டுவது) வைத்திருக்கிற பட்டறைக்கே போங்கள். கேஸ் வெல்டிங்கில் சூடு பரவித் தரை கோணிக்கொள்ளும், சுற்றியிருக்கிற பெயின்ட் எல்லாம் எரிந்து புதுத் துருவுக்கு இடமாகும். சாதாரண ராடு வெல்டிங் இந்த மெல்லிசுத் தகரத்தைத் துளைத்துவிடும். சி.ஓ.டூ-விலும் ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது, எதிரெதிர் மூலையில் புள்ளி புள்ளியாக வைத்து, ஆற விட்டு, நடுவில் நடுவில் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். அதனால்தான் நாலு நாள்.

ஆரம்பிக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள். ஏர்பேக் வண்டி என்றால் அதன் கன்ட்ரோல் பெட்டி பெரும்பாலும் நடுவில் கியருக்குப் பக்கத்தில் தரையில்தான் இருக்கும், கனெக்டரைக் கழற்றாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. ரன்னிங் போர்டு ஓரமாக ஒயரிங் ஓடும், தரைக்கு அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஓடும். அவற்றை இறக்கிவிட்டோ நகர்த்திவிட்டோதான் வேலை. ஒருத்தர் வெல்டிங் பண்ணும்போது இன்னொருத்தர் வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் வைத்துக்கொண்டு அடிப்பக்கம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தாரும் பழைய கோட்டிங்கும் பற்றிக்கொள்ளும். இதையெல்லாம் சிரித்துக்கொண்டு "பழக்கம்தான் சார்" என்று சொல்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

திருவான்மியூர்_வாசி:

அண்ணே, ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை அப்படியே செய்து பார்த்தேன். ரன்னிங் போர்டிலும் கதவிலும் ஊற்றினபோது ஒன்றும் வரவில்லை. பீடிங்கிலும் இல்லை. வைப்பர் தட்டில் ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் என் பெண் உள்ளே இருந்து கத்திவிட்டாள். சந்தேகத்துக்கு வாளியில் சொட்டு நீலம் கலந்து இன்னொரு தடவை ஊற்றினோம், ஏசி புளோயருக்குக் கீழே பிடித்த வெள்ளைத் துணி நீலமாகிவிட்டது. கிரில்லைக் கழற்றினால் நீங்கள் சொன்ன எருதான், அதில் ஒரு வேப்பங்கன்று வேறு முளைத்திருக்கிறது. இடது வடிகாலைக் கம்பி விட்டுக் குத்தித் தண்ணீர் அடித்துவிட்டேன், இப்போது சக்கரத்துக்குப் பின்னால் தாராளமாகக் கொட்டுகிறது. 2015-ல் வண்டி மாடி பார்க்கிங்கில் இருந்தது, வெள்ளம் தொடவில்லை.

வெல்டிங்தான் என்று முடிவு. சீட் போல்ட்டுக்கு நாலு விரல்கடை தள்ளி வரைக்கும் துரு வந்திருக்கிறது, அதைப் பார்த்த பிறகு ஃபைபருக்கு மனசு வரவில்லை. காசிமேடு சார் கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கேள்வி: டிரைவர் பக்கம் கொப்பளித்திருப்பதை என்ன செய்வது? வெல்டிங் முடிந்ததும் மேலே என்ன அடிக்கச் சொல்வது? பட்டறைக்காரர் ரெட் ஆக்சைடு அடித்து அடியில் கறுப்புக் கோட்டிங் போதும் என்கிறார்.

பெசன்ட்நகர்_உலோகம்:

பெயின்ட் விஷயம் நான் சொல்கிறேன், தொழிலே அரிப்புத் தடுப்புதான். கொப்பளித்த இடத்தைச் சுரண்டுங்கள். சுத்தியல் பின்பக்கத்தால் தட்டினால் கெட்டித் தகரம் கணீர் என்று கேட்கும், செத்த தகரம் மொத்தென்று கேட்கும். மேல் துரு மட்டும்தான், தகரம் கெட்டியாக இருக்கிறது என்றால் ஒயர் பிரஷ் போட்டு உதிர்கிற துருவை எல்லாம் எடுத்துவிட்டு, மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிற மெல்லிய படலத்துக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவலாம். பாஸ்பாரிக் அமிலமோ டேனிக் அமிலமோ இருக்கும், துருவைக் கறுப்பான, அசையாத படலமாக மாற்றும். உதிர்கிற துரு மேல் தடவினால் மேல் தோலை மட்டும் மாற்றிவிட்டு அடியில் அப்படியே இருக்கும், காசு தண்டம்.

வெல்டிங் பண்ணின ஷீட்டுக்கு: நன்றாகத் தேய்த்து, தின்னரில் துடைத்து, உடனே எபாக்சி பிரைமர். உடனே என்றால் அன்றைக்கே. நம் கடற்காற்றில் வெறும் தகரத்தை ராத்திரி விட்டால் காலையில் செம்மண் நிறம் வந்துவிடும். ரெட் ஆக்சைடு ஜன்னல் கம்பிக்குச் சரி, அதுமட்டும் தரைக்குப் பற்றாது, ஈரம் ஊடுருவும். பிரைமர் காய்ந்த பிறகு இணைப்பு ஓரங்களில் பாலியூரித்தேன் சீம் சீலர், மேலே ஒரு தடவை, அடியில் ஒரு தடவை. அதற்கு மேல் பெயின்ட். கறுப்பு அண்டர்பாடி கோட்டிங் எல்லாவற்றுக்கும் கடைசி.

அந்தக் கோட்டிங்கைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம். மண்ணையும் துருவையும் கழுவாமல் மேலேயே அடித்து விடுகிறார்கள். பார்க்கப் புது வண்டி மாதிரி இருக்கும், அடியில் ஈரம் மாட்டிக்கொண்டு முன்பைவிட வேகமாக அரிக்கும். அதைவிட, ரன்னிங் போர்டு அடியிலும் கதவு அடியிலும் இருக்கிற வடிகால் துவாரங்களையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். அடிக்கும்முன் அவற்றில் டேப் ஒட்டச் சொல்லுங்கள், வண்டியை எடுக்கும்போது ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். ரன்னிங் போர்டு உள்பக்கத்துக்கு கேவிட்டி வேக்ஸ், அதாவது உள்கூட்டில் ஈரம் ஒட்டாமல் அடிக்கிற மெழுகு, அடிக்கலாம். பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுகிற வழக்கம் நம் ஊரில் இருக்கிறது, ரப்பர் புஷ் எல்லாம் ஊதிப் போகும், தெருவெல்லாம் சொட்டும், வேண்டாம்.

இன்னொன்று, வண்டியை எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. காற்றில் வருகிற உப்பு போதாதென்று நாமே வாரா வாரம் அடிப்பக்கம் உப்புத் தண்ணீர் அடிக்கிறோம். கடைசி அலசலாவது மெட்ரோ தண்ணீரில் இருக்கட்டும், மழை நன்றாகப் பெய்கிற நாளில் வண்டியை வெளியே நிறுத்தினால் அதுவே போதும்.

காசிமேடு_ஃபைபர்:

கோபமெல்லாம் இல்லை தம்பி. சீட் போல்ட் பக்கம் என்றால் நானும் வெல்டிங்தான் சொல்வேன். என் வேனில் ஓட்டை நடுத் தரையில், அதுவும் சரக்கு வைக்கிற இடம்.

வேளச்சேரி_மேட்டுத்தெரு:

வெல்டிங் முடிந்து வந்ததும் உடனே கார்பெட்டைப் போட்டுவிடாதீர்கள். வெறும் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, நல்ல மழை ஒன்று வரும் வரைக்கும் அப்படியே ஓட்டுங்கள். சத்தம் அதிகமாக இருக்கும், பரவாயில்லை. பேப்பர் நனையாமல் இருந்தால் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் வேலையை முடித்துக்கொள்வது நல்லது, அப்புறம் பட்டறைகளில் இடம் கிடைக்காது, பெயின்ட்டும் காயாது.

பழைய ஃபெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மொட்டை மாடியில் எத்தனை நாள் போட்டாலும் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் ஈரம் நிற்கும், அந்த வாடையும் போகாது. புது ஃபெல்ட் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். அங்கே போனதும் கதவுக்குக் கதவு இறுக்கிப் பிடிக்கிற லெதர் மேட், 7டி மேட் எல்லாம் காட்டுவார்கள். அதை வாங்காதீர்கள், கீழே ஈரம் இருந்தாலும் அடுத்த ஓட்டை விழும் வரை தெரியாது. தனித்தனியாகத் தூக்கிப் பார்க்கிற மாதிரி சாதாரண ரப்பர் மேட் போதும்.

திருவான்மியூர்_வாசி:

புதன்கிழமை வண்டியை விடுகிறேன். பேட்டரி கழற்றுவது, எபாக்சி, சீம் சீலர் இரண்டு பக்கமும், வடிகாலில் டேப், எல்லாவற்றையும் பட்டறைக்காரரிடம் சொல்லி ஒரு பேப்பரில் எழுதியும் கொடுத்துவிட்டேன். எபாக்சிக்கு மட்டும் தனியாகக் காசு கேட்கிறார், கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.